புகைமூட்ட வாரங்களில் வரும் சளிக்காய்ச்சல்: காற்று மாசுக்கு அதில் எவ்வளவு பங்கு?

நான்கு வயது மகளுக்குக் காற்று மாசு கூடும் வாரங்களிலெல்லாம் சளியும் காய்ச்சலும் வந்துவிடுகின்றன. நோயைக் கொண்டுவருவது மாசுதானா, அல்லது குளிர்காலம் என்பதால் இரண்டும் ஒரே சமயத்தில் வருகின்றனவா, காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மாசுக்காற்றைச் சுவாசிப்பவரை வைரஸ் எளிதாகத் தொற்றுமா? தொற்றிய பிறகு நோய் முற்றுமா? காற்றைச் சுத்தம் செய்தால் இவை குறையுமா? மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஒரு கட்டுரை “ஆம்” என்கிறது, இன்னொன்று “நிரூபணம் இல்லை” என்கிறது. நோய் முற்றுவதற்கு மாசு துணைபோகிறது என்பதற்குச் சான்று வலுவாக உள்ளது. தொற்றுவதே எளிதாகிறது என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. சுத்தம் செய்தால் நோய் குறைகிறது என்பதற்கு, பலரும் நினைப்பதைவிடக் குறைவான சான்றே கிடைத்திருக்கிறது. எது எந்த அளவுக்கு உறுதி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மகளுக்கு வருவது தொற்றா, எரிச்சலா என்று பிரித்துப் பாருங்கள். மாசு மட்டுமே இருமலையும் மூக்கு ஒழுகலையும் வரவழைக்கும். அது அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள் தொடங்கும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், காய்ச்சல் இருக்காது. சுத்தமான காற்றுள்ள இடத்துக்குப் போனால் ஓரிரு நாளில் அடங்கும். வைரஸ் தொற்று அப்படி வராது. உடலுக்குள் நுழைந்த பின் அது பெருகுவதற்கு நேரம் வேண்டும்: சாதாரணச் சளியைத் தரும் ரைனோவைரஸுக்கு 1 முதல் 3 நாள், இன்ஃப்ளூயன்ஸாவுக்கு 1 முதல் 4 நாள், சிறு குழந்தைகளை அதிகம் தாக்கும் ஆர்.எஸ்.வி. எனும் வைரஸுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 நாள். ஆகவே காலையில் புகைமூட்டம், மாலையில் காய்ச்சல் என்றால், அந்தக் காய்ச்சலின் விதை சில நாட்களுக்கு முன்பே விழுந்துவிட்டது. ஒரு நோட்டில் காய்ச்சல் தொடங்கிய தேதியையும் அதற்கு முந்தைய பத்து நாட்களின் பி.எம். 2.5 அளவையும் (2.5 மைக்ரோமீட்டரோ அதைவிடச் சிறியதோ ஆன நுண்துகள் காற்றில் எவ்வளவு என்பது) குறித்து வாருங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். மற்றக் குழந்தைகளோடு பழகத் தொடங்கிய இந்த வயதில் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்பே, மாசே இல்லாத ஊரிலும் அப்படித்தான். அவற்றில் பெரும்பகுதி குளிர்மாதங்களில் குவியும் என்பதால் மாதம் ஒன்று என்ற கணக்கு வந்துவிடும்.

இனி உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம், இங்கே ஆய்வுக்கூடச் சான்று நிறைய உண்டு. மூக்கிலிருந்து நுரையீரலின் கிளைகள் வரை மூச்சுப்பாதையின் உட்புறம் மெல்லிய சளிப்படலத்தால் மூடப்பட்டிருக்கிறது. அதன் அடியில் ஒவ்வொரு செல்லிலும் ஏறத்தாழ 200 குற்றிழைகள் எனும் நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய கிருமி, தூசி எல்லாவற்றையும் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அதை அறியாமல் விழுங்கிவிடுகிறோம். வைரஸ் ஒரு செல்லைப் பிடிக்க வேண்டுமானால் இந்த ஓட்டத்தைத் தாண்டியாக வேண்டும். டீசல் புகையும் சிகரெட் புகையும் குற்றிழைகளின் அசைவை மந்தமாக்குகின்றன, சளியைக் கெட்டியாக்குகின்றன. ஓட்டம் தளர்ந்த இடத்தில் வைரஸ் அதிக நேரம் தங்கும்.

அதற்கடுத்த அரண், செல்களுக்கு இடையிலான இறுக்கமான இணைப்புகள். நுண்துகளில் இரும்பு, செம்பு போன்ற உலோகங்களும், எரிந்தும் எரியாத கரிமச் சேர்மங்களும் ஒட்டியிருக்கும். இவை செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கி, இணைப்புப் புரதங்களைத் தளர்த்துகின்றன. மூன்றாவது அரண் காற்று நுண்ணறைகளில் சுற்றும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள். கரித்துகளை விழுங்கி விழுங்கிச் சலித்த மேக்ரோஃபேஜ், கிருமி வந்தால் முன்போல விழுங்குவதில்லை. நான்காவது, வைரஸ் புகுந்த செல் அக்கம்பக்கத்துச் செல்களுக்கு விடுக்கும் இன்டர்ஃபெரான் எச்சரிக்கை; சில புகைச் சூழல்களில் இந்த எச்சரிக்கை தாமதமாகவோ தாழ்ந்த குரலிலோ எழுகிறது. அதே நேரத்தில் அழற்சியைத் தூண்டும் பிற சமிக்ஞைகள் மிகுகின்றன. வைரஸை அடக்கும் பதில் குறைந்து, திசுவைப் புண்ணாக்கும் பதில் கூடுவது மோசமான கூட்டணி. நோய் முற்றுவதற்கான விளக்கம் பெரிதும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இன்னும் நுணுக்கமாக ஒன்று. இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் மேற்புறப் புரதத்தை நம் மூச்சுப்பாதையில் உள்ள புரோட்டியேஸ் என்னும் நொதி வெட்டினால்தான் அந்த வைரஸால் அடுத்த செல்லுக்குள் நுழைய முடியும். அந்த நொதியை அடக்கிவைக்கும் எதிர்ப்பொருட்களும் அங்கேயே சுரக்கின்றன. மாசுக்காற்றில் உள்ள ஓசோன் வாயு பட்டால் இந்தத் தராசு நொதியின் பக்கம் சாய்கிறது என்பதை மனித மூக்குச் செல்களை வளர்த்துச் செய்த ஆய்வு காட்டியது. டீசல் புகைக்கு முன்னரே ஆட்பட்ட செல்களில் இன்ஃப்ளூயன்ஸா வைரஸ் அதிகமாக ஒட்டிக்கொண்டு அதிகமாக நுழைகிறது என்பதும் 2005 முதல் தெரிந்ததே. ஆனால் தட்டில் வளரும் செல் வேறு, குழந்தையின் மூக்கு வேறு. எலிகளில் ஓசோனும் இன்ஃப்ளூயன்ஸாவும் சேர்ந்த ஒரு சோதனையில் நிமோனியா குறைந்ததாகவும் முடிவு வந்திருக்கிறது. எந்த மாசு, எவ்வளவு, தொற்றுக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்து விடை திரும்பிவிடும். “மாசு நோய் எதிர்ப்பைக் குறைக்கிறது” என்று ஒரே வரியில் சொல்வோரை நம்பாமல் இருக்க இதுவே போதிய காரணம்.

மனிதர்களை வைத்தே சோதித்திருக்கிறார்களா என்றால், சிறு அளவில் உண்டு. 1980களில் இளம் ஆண் தன்னார்வலர்களை நாளுக்கு 6 மணி நேரம், ஐந்து நாட்கள், 0.3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 0.3 பங்கு) ஓசோன் உள்ள அறையில் இருக்கச் செய்து, மூக்கில் ரைனோவைரஸை விட்டுப் பார்த்தார்கள். சுத்தமான காற்றைச் சுவாசித்தவர்களைவிட வைரஸ் அதிகம் பெருகவில்லை. எரிபொருள் எரியும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவுடன் வலுக்குன்றிய இன்ஃப்ளூயன்ஸா வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது, மாசைச் சுவாசித்தவர்களில் சற்று அதிகம் பேருக்குத் தொற்றியது. ஆனால் அந்த வேறுபாடு தற்செயல் என்று ஒதுக்கக்கூடிய எல்லைக்குள்தான் இருந்தது. பின்னாளில் 2 மணி நேரம் டீசல் புகையைச் சுவாசிக்க வைத்து, மூக்கில் தெளிக்கும் உயிருள்ள தடுப்பூசி வைரஸைக் கொடுத்தபோது, ஒவ்வாமை மூக்கடைப்பு உள்ளவர்களிடம் வைரஸின் அளவும் ஒவ்வாமை அழற்சியும் கூடின. இந்தக் கடைசி முடிவு உங்களுக்கு முக்கியம். மாசின் பாதிப்பு எல்லாரையும் சமமாகத் தாக்காது. தும்மல், மூக்கடைப்பு, இளைப்பு என்று ஒவ்வாமைப் போக்கு உள்ள குழந்தையிடம்தான் அது கண்ணுக்குத் தெரியும்படி வெளிப்படும். 2003-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வும் இதையே சொல்கிறது. ஆஸ்துமா உள்ள 8 முதல் 11 வயதுக் குழந்தைகள் 114 பேர், நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்கும் சிறு பட்டையை உடையில் அணிந்து நடமாடினார்கள். சளி தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் அதிக மாசைச் சுவாசித்த குழந்தைகளுக்கு அதே வைரஸால் இளைப்பு அதிகமாக இருந்தது, மூச்சை ஊதும் வேகமும் அதிகம் குறைந்தது. பள்ளி வயதுக் குழந்தைகளின் ஆஸ்துமாத் தாக்குதலில் பத்தில் எட்டுக்கு வைரஸ் தொற்றுதான் பொறி என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இதன் கனம் புரியும்.

மக்கள்தொகை அளவிலான சான்றுக்கு வரும்போது குளிர்காலச் சிக்கல் தலைதூக்குகிறது. உங்கள் சந்தேகம் முற்றிலும் நியாயமானது. குளிரில் தரையை ஒட்டிய காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல அமர்ந்துவிடுவதால் புகை மேலே கலையாது. அதே குளிரில் மக்கள் சன்னலை அடைத்துக்கொண்டு நெருங்கி இருப்பார்கள், காற்று வறண்டிருக்கும், வைரஸ்களும் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். இரண்டு வரைபடங்களும் ஒன்றாக ஏறுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. இந்தத் தகராறு பழையது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைப்பனியில் சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். அடுத்த இரண்டு மாதங்களிலும் இறப்பு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. அதை அரசுத் தரப்பு இன்ஃப்ளூயன்ஸாவின் கணக்கில் எழுதியது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்துச் செய்த மறு ஆய்வு, இன்ஃப்ளூயன்ஸாவால் அந்த மிகையில் ஒரு பகுதியைத்தான் விளக்க முடியும் என்றும் மொத்த உயிரிழப்பு 12,000-ஐ ஒட்டியிருக்கும் என்றும் சொன்னது.

அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் கதை வேறு திசையில் போயிற்று. அங்கிருந்த எஃகு ஆலை 1986 ஆகஸ்டில் மூடப்பட்டு 1987 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஆலை ஓடிய குளிர்காலங்களில் மார்புச்சளிக்கும் நிமோனியாவுக்கும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை, மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு. பார்த்தவுடன் மறுக்க முடியாத சான்றுபோலத் தோன்றும். ஆனால் ஆர்.எஸ்.வி. சில ஆண்டுகளில் பெரிதாகவும் சில ஆண்டுகளில் சிறிதாகவும் வரும் வைரஸ். அந்த ஏற்ற இறக்கமே இதை விளக்கிவிடும் என்று சிலர் வாதிட்டார்கள். அதே யூட்டாவில் 2018-ல் வந்த பெரிய ஆய்வு இந்தக் குறையைத் தவிர்த்தது. 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை எடுத்து, ஒவ்வொருவரும் நோயுற்ற காலத்தை அவரவர் நோயில்லாத காலத்தோடேயே ஒப்பிட்டது. பி.எம். 2.5 ஏறிய பின் ஒரு மாதத்துக்குள் கீழ் மூச்சுப்பாதைத் தொற்று கூடியது, அவர்களில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள். அன்றே கூடவில்லை, வாரங்கள் கழித்துக் கூடியது. தொற்றிப் பெருகி நெஞ்சில் இறங்க ஆகும் காலத்தோடு இந்த இடைவெளி பொருந்துகிறது என்பதால் இந்த முடிவுக்கு நான் மதிப்பளிக்கிறேன்.

பெருந்தொற்றுகளில் கிடைத்த பாடங்களையும் சொல்ல வேண்டும். 1918 ஃப்ளூவில், மின்சாரத்துக்கு நிலக்கரியை அதிகம் எரித்த அமெரிக்க நகரங்களில் இறப்பும் அதிகம் என்று 180 நகரங்களின் பதிவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் ஹார்வர்டு ஆய்வாளர்கள், நீண்டகால பி.எம். 2.5 கன மீட்டருக்கு ஒரே ஒரு மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 15 விழுக்காடு கூடும் என்று முதல் வரைவில் எழுதினார்கள். அதே மாதம் அதை 8 என்று திருத்தினார்கள். நவம்பரில் இதழில் வெளியானபோது அது 11. எண் இப்படி ஆடுவது நேர்மையின்மை ஆகாது. மாவட்டச் சராசரிகளை வைத்துத் தனிமனித ஆபத்தைக் கணக்கிடுவதில் உள்ள தள்ளாட்டம் அது. மாசு நிறைந்த மாவட்டம் பெரும்பாலும் நெரிசல் நிறைந்ததாகவும், வறுமை மிகுந்ததாகவும், முன்னதாகவே தொற்று நுழைந்ததாகவும் இருக்கும். பின்னர் தனிநபர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் வந்தன. கனடாவின் ஒன்டாரியோவில் தொற்று உறுதியான 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பார்த்த 2022 ஆய்வில், நெடுநாள் நுண்துகளில் வாழ்ந்தவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. எல்லாருமே ஏற்கெனவே தொற்றியவர்கள் என்பதால் இது நோய் முற்றும் ஆபத்தைப் பற்றிய நேரடிச் சான்று. மாசு தொற்றை முற்றச்செய்கிறது என்பதை வலுவானது என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இப்படிப்பட்ட ஆய்வுகளே அடிப்படை.

வைரஸ்கள் தூசித்துகளின் முதுகில் ஏறி ஊர் விட்டு ஊர் பறக்கின்றன என்று 2020-ல் பரவிய செய்தியை அதே அளவு நம்ப வேண்டாம். இத்தாலியில் காற்றுத்துகள் வடிகட்டியில் கொரோனாவின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. கிடைத்தது உண்மைதான். ஆனால் ஆர்.என்.ஏ. துணுக்கு கிடைப்பதும் தொற்றக்கூடிய உயிருள்ள வைரஸ் கிடைப்பதும் ஒன்றல்ல. திறந்த வெளியில் வைரஸ் அவ்வளவு நீர்த்துப்போய்விடுகிறது. அதேபோல் கொரோனா செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏ.சி.இ. 2 என்ற ஏற்பியை நுண்துகள் கூட்டுவதால் கொரோனா எளிதில் நுழைகிறது என்பதும் பெரும்பாலும் எலிகளிலும் செல்களிலும் நிற்கிற கருத்து.

சுத்தம் செய்தால் குறையுமா என்ற மூன்றாவது கேள்வியில்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. விறகடுப்புப் புகையைக் குறைத்தால் குழந்தை நிமோனியா குறையும் என்ற நம்பிக்கையில் பெரிய சோதனைகள் நடந்தன. குவாத்தமாலாவில் புகைபோக்கி வைத்த அடுப்பால் குழந்தை சுவாசிக்கும் புகை பாதியானது. ஆனால் மருத்துவர் கண்டறிந்த மொத்த நிமோனியாவில் உறுதியான குறைவு தெரியவில்லை. இரத்த ஆக்சிஜன் இறங்கும் அளவுக்குக் கடுமையான நிமோனியா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அதுவும் ஆர்.எஸ்.வி. இல்லாதவற்றில்தான் தெளிவாக. மலாவியில் மேம்பட்ட அடுப்பு கொடுத்த சோதனையில் பயன் தெரியவில்லை. குவாத்தமாலா, இந்தியா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சமையல் எரிவாயு கொடுத்து நடத்தி 2024-ல் வெளியான சோதனையிலும், புகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கியும், கைக்குழந்தைகளின் கடும் நிமோனியா குறையவில்லை. மாசு தீங்கற்றது என்பது இதன் பொருளாகாது. தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடம் நிமோனியாவே அரிதாகிவிட்டது ஒரு காரணமாக இருக்கலாம். ஓர் அடுப்பை மாற்றினாலும் ஊர்க்காற்று மாறாதது இன்னொன்று. சுத்திகரிப்பான் வாங்கினால் சளியே வராது என்று விற்பனையாளர் சொன்னால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்களில் அறையிலேயே ஹெப்பா எனும் நுண்வடிகட்டி உள்ள கருவி வைத்துப் பார்த்த 2024 சோதனையிலும் மொத்தக் கணக்கில் தொற்று தெளிவாகக் குறையவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? என் வரிசையில் முதலிடம் தடுப்பூசிக்கு. நோய் முற்றுவதே அஞ்ச வேண்டியது என்றால், அதை நேரடியாகக் குறைப்பது அதுதான். இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசியை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஆண்டுதோறும் போடலாம். ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதல் முறையாகப் போடும்போது 4 வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். ஒரே தவணையோடு நின்றுவிடுவது பலர் செய்யும் பிழை. நிமோனியா தரும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி நிறைவாகிவிட்டதா என்றும் பாருங்கள். வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் அடுத்துக் குடியேறுவது பெரும்பாலும் அந்த பாக்டீரியாதான், நுண்துகளும் அது செல்லில் ஒட்டிக்கொள்ள உதவுகிறது. ஆஸ்துமா இருந்து, தினமும் உறிஞ்சும் தடுப்பு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால், நன்றாக இருக்கிறாள் என்று மாசுக்காலத்தில் நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது. வாசலில் நின்று புகைப்பதும் போதாது, சன்னல் வழியே அது திரும்பி வரும்.

அடுத்து சன்னல். இங்கே இரண்டு அறிவுரைகள் மோதுகின்றன: வைரஸுக்காகத் திற, மாசுக்காக மூடு. காற்றுத்தரக் குறியீட்டின் வண்ணத்தைவிட பி.எம். 2.5-ன் மைக்ரோகிராம் எண்ணைப் பாருங்கள், ஏனென்றால் குறியீட்டை ஒவ்வொரு நாடும் வேறு விதமாகக் கணக்கிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த வழிகாட்டி அளவு 24 மணி நேரச் சராசரியாக கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியாக 5. உலகின் பெரும்பகுதி மக்கள் இதற்கு மேல்தான் வாழ்கிறார்கள் என்பதால், அன்றாட முடிவுக்கு நான் சொல்லும் தோராயக் கோடு வேறு. வெளியே 35-க்குக் கீழ் என்றால் தாராளமாகத் திறந்துவையுங்கள். 35-க்கும் 100-க்கும் இடையில் என்றால், மாசு குறைவாக உள்ள நேரங்களில் பத்துப் பதினைந்து நிமிடம் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றை மாற்றிவிட்டு மூடுங்கள். அதற்கும் மேல் என்றால் மூடிவிட்டு வடிகட்டுங்கள். இந்த எல்லைகள் என் நடைமுறைக் கணிப்பு, எந்த நிறுவனத்தின் விதியும் அல்ல. குளிர்காலத்தில் அதிகாலையிலும் போக்குவரத்து நேரங்களிலும் துகள் உச்சத்தில் இருக்கும், நண்பகலில் காற்று கலைந்து இறங்கும். வெயில் காலத்து ஓசோன் இதற்கு நேர்மாறு, பிற்பகலில் ஏறும். வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருக்கும் நாளில் கணக்கு மாறுகிறது: அடுத்த அறையில் இருமும் ஆளிடமிருந்து வரும் ஆபத்து, வெளியிலிருந்து சில மணி நேரம் வரும் துகளைவிடப் பெரிது. அன்று சற்று மாசு இருந்தாலும் அவர் அறையின் வெளிச்சன்னலைத் திறந்துவைப்பதே நல்லது.

சுத்திகரிப்பான் சளியே வராமல் காக்கும் என்று எதிர்பார்க்காவிட்டால், அது வாங்கத் தகுந்த கருவிதான். நுண்துகளையும் அறைக்காற்றில் மிதக்கும் வைரஸ் துளிகளையும் ஒரே வடிகட்டி பிடிக்கிறது. சன்னல் மோதலைத் தீர்க்க வேறு வழியும் இல்லை. ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரோமீட்டர் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் என்பார்கள். அதைவிடச் சிறிய வைரஸ் தப்பிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தப்பாது. மிகச் சிறிய துகள்கள் நேராகச் செல்லாமல் அங்குமிங்கும் அலைந்து இழையில் முட்டி ஒட்டிக்கொள்கின்றன, பெரியவை தம் கனத்தாலேயே மோதுகின்றன, 0.3-ஐ ஒட்டிய நடுத்தரம்தான் பிடிக்கக் கடினமானது. வாங்கும்போது பார்க்க வேண்டியது சி.ஏ.டி.ஆர். என்ற எண், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்றைத் தரும் என்பது. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற வேண்டுமானால் 180 தேவை. ஆனால் பெட்டியில் அச்சிட்ட எண் உச்ச வேகத்துக்கானது. அந்த இரைச்சலில் குழந்தை தூங்காது, நீங்கள் வேகத்தைக் குறைப்பீர்கள், சுத்தக் காற்று பாதிக்கும் கீழே போகும். எனவே 350-ஐ ஒட்டிய கருவியை வாங்கி நடுவேகத்தில் ஓட்டுங்கள். தானியங்கி நிலையில் விடாதீர்கள், அதன் உணர்வி அழுக்கேறினால் காற்று நன்றாக இருப்பதாக நினைத்து ஓய்ந்துவிடும். சுவரை ஒட்டியோ திரைக்குப் பின்னாலோ வைத்தால் காற்று இழுக்க வழியிருக்காது. கதவின் அடி இடுக்கை அடைக்காமல் விட்டால் வெளித்துகள் நுழைந்துகொண்டே இருக்கும்.

அயனி வெளியிடும், ஓசோன் தரும் கருவிகளைத் தொடவே வேண்டாம். மூச்சுப்பாதையின் தராசைச் சாய்க்கும் அதே ஓசோன்தான் அது. ஹெப்பா வாயுக்களைப் பிடிக்காது என்பதையும் மறக்கக் கூடாது. எரிவாயு அடுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு, காற்றை வெளியே தள்ளும் விசிறி வேண்டும். குழாய் இல்லாமல் காற்றைச் சமையலறைக்குள்ளேயே சுழற்றும் புகைக்கூண்டு அதை நீக்காது. செலவு தடையாக இருந்தால், 2020-ல் பரவலான கோர்சி-ரோசன்தால் பெட்டி நல்ல மாற்று. எம்.இ.ஆர்.வி. 13 என்ற வடிகட்டும் தரமுள்ள நான்கு சதுர வடிகட்டிகளை நான்கு சுவர்களாக நிறுத்தி, அடியில் அட்டை வைத்து, மேலே பெட்டி விசிறி காற்றை மேல்நோக்கித் தள்ளும்படி ஒட்ட வேண்டும். வடிகட்டியில் அச்சிட்ட அம்புக்குறி உள்நோக்கி இருக்க வேண்டும். மூலைகளில் டேப் விட்டுப்போனால் காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும், பெரும்பாலான பெட்டிகள் கெடுவது அங்கேதான். மலிவான லேசர் உணர்வியால் அளந்து பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் துகள் நீரில் ஊதி எண் பொய்யாக ஏறும்.

முகக்கவசத்தைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு என் 95 அல்லது எஃப்.எஃப்.பி. 2 இரண்டு வேலையும் செய்யும், முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தினால் மட்டும். தாடி இருந்தால் பொருந்தாது. நான்கு வயதுக் குழந்தையின் முகத்துக்கு இவை வடிவமைக்கப்படவில்லை. துணிக்கவசம் நுண்துகளுக்குப் பெரும்பாலும் பயனற்றது. அதனால் குழந்தைக்குக் கவசம் போட்டு மோசமான காற்றில் விளையாட விடுவதைவிட, விளையாட்டை நண்பகலுக்கு மாற்றுவது மேல். ஓடியாடும்போது மூச்சின் அளவு பல மடங்காவதோடு, வாய்வழியே இழுப்பதால் மூக்கின் வடிகட்டலும் தவறிவிடும். வைட்டமின் மாத்திரைகளோ நுரையீரலைக் “கழுவும்” பானங்களோ இதில் உதவும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. உப்புநீரால் மூக்கைக் கழுவுவது அடைப்பைக் குறைக்கும், கொதிக்க வைத்து ஆற்றிய நீராக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், புகைமூட்ட வாரத்தில் சளி பிடித்தால் அது நெஞ்சில் இறங்குகிறதா என்று கவனிக்கும் முறை இது. குழந்தை அழாமல் அமைதியாகவோ தூங்கும்போதோ, சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழு 60 நொடி மூச்சை எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் தவறும், குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இரண்டு முதல் பதினொரு மாதக் குழந்தைக்கு அது 50. காய்ச்சலே மூச்சைக் கூட்டும், ஆகவே காய்ச்சல் மருந்து கொடுத்துத் தணிந்த பின் மறுபடி எண்ணுங்கள். தணிந்தும் வேகம் குறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே மார்பு உள்வாங்கினால், மூச்சில் முனகல் கேட்டால், குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், உதடு நீலம் பாய்ந்தால், விரலில் மாட்டி இரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரில் 92 விழுக்காட்டுக்குக் கீழ் காட்டினால், எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஆக்சிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டுகிறதே என்று மார்பு உள்வாங்குவதை விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் கடைசி நேரம் வரை உழைத்து மூச்சிழுத்து அந்த எண்ணைத் தாங்கிப் பிடிப்பார்கள்.